நிமிர்த்திய நங்கூரத்தை நம்பலாமா?

நங்கூரம் தன் எடையால்தான் படகை நிறுத்துகிறது என்னும் பரவலான எண்ணம், கல்லைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கிய காலத்துக்குப் பொருந்துமேயன்றி, இன்றைய சிறுபடகுகளின் எஃகு நங்கூரங்களுக்குப் பொருந்தாது. 15 கிலோ எடையுள்ள ஒரு நங்கூரம் நல்ல மணலில் ஆழப் பதிந்தபின் தன் எடையைப்போல் பல மடங்கு இழுவிசையைத் தாங்குகிறது என்றால், அதன் அகன்ற முனைப்பகுதி மண்ணுக்குள் இறங்கி, முன்னால் உள்ள மண்திரள் முழுவதையும் தனக்குத் தடுப்பாக்கிக்கொள்வதே அதற்குக் காரணம். மண்ணைத் துளைத்து இறங்கும் அப்பகுதியைக் கொழு என்றும், அதிலிருந்து நீண்டு சங்கிலியை நோக்கிச் செல்லும் பகுதியைத் தண்டு என்றும், தண்டின் துளையில் சங்கிலியைப் பூட்டும் லாட வடிவ வளையத்தை ஷாக்கிள் என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. இவற்றுள் ஒன்று வளைந்தாலோ, விரிந்தாலோ, துருவால் மெலிந்தாலோ, நங்கூரத்தைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவதா, கழித்துவிட்டுப் புதியது வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்குக் கண்ணால் பார்த்து விடை சொல்ல முடியாது. வளைந்த எஃகைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது எந்தப் பட்டறையிலும் இயலும் செயல். ஆனால் வடிவம் மீண்டதால் வலிமையும் மீண்டுவிட்டது என்று கொள்ள முடியாது. எந்த உறுப்பு சேதமுற்றது, அது எவ்வகை உலோகத்தால் ஆனது, இனி அந்த நங்கூரத்திடம் எத்தகைய பணி எதிர்பார்க்கப்படுகிறது ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணும்போதே சரியான முடிவு கிடைக்கும்.

தண்டு பக்கவாட்டில் வளைவது ஏன்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் பாய்மரப் படகோட்டியுமான ஜெஃப்ரி இங்ரம் டெய்லர் (1886–1975), கலப்பையின் கொழுவைப் போன்ற முனை கொண்ட சி.க்யூ.ஆர். நங்கூரத்தை 1933இல் உருவாக்கினார். குறைந்த எடையில் மிகுந்த பிடிமானம் என்பதே அதன் நோக்கம். 1940ஐ ஒட்டி அமெரிக்கரான ரிச்சர்ட் டான்ஃபோர்த் உருவாக்கிய தட்டையான இரட்டைக் கொழு நங்கூரமும், பின்னர் வந்த பல வடிவங்களும் அதே பாதையில் சென்றன. கப்பல்களைத் தரப்படுத்தும் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதிப்படி, அதே எடையுள்ள சாதாரண நங்கூரத்தைவிட இரண்டு மடங்கேனும் பிடிமானம் காட்டும் நங்கூரத்துக்கு எடையில் கால்பங்கும், நான்கு மடங்கேனும் காட்டுவதற்குப் பாதியும் குறைத்துக்கொள்ளலாம். இம்முன்னேற்றத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தேவைக்கு மிஞ்சிய இரும்பைச் சுமந்த பழைய நங்கூரம் சிறு சேதத்தைப் பொறுத்துக்கொண்டது. ஒவ்வொரு கிலோ எஃகுக்கும் வேலை கொடுக்கும் புதிய நங்கூரத்தில் அத்தகைய மிகுதி இல்லை.

சேதத்தில் மிகுதியாகக் காணப்படுவது தண்டின் பக்கவாட்டு வளைவு. தகட்டால் செய்த தண்டு, படகு நேராக இழுக்கும் திசையில் உயரமாகவும், பக்கவாட்டில் மெலிதாகவும் இருக்கும்படி அமைக்கப்படுகிறது. அப்போதுதான் அது மண்ணைக் கிழித்துக்கொண்டு கொழுவோடு சேர்ந்து கீழே இறங்கும். மணலிலும் சேற்றிலும் காற்றின் திசை மாறினால் நங்கூரம் மெல்லத் திரும்பிப் புதிய திசைக்குப் பொருந்திக்கொள்கிறது. கொழு பாறை இடுக்கில் சிக்கியிருந்தாலோ அவ்வாறு திரும்ப இடமில்லாமல், படகின் முழு இழுப்பும் தண்டின் மெலிந்த பக்கத்தில் விழுகிறது.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 16 மில்லிமீட்டர் தடிமனும் 60 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு தண்டின் நுனியில், கொழுவோடு இணையும் இடத்திலிருந்து 600 மில்லிமீட்டர் தொலைவில், விசை செயல்படுவதாகக் கொள்ளலாம். பட்டறைகளில் எம்.எஸ். என வழங்கும் சாதாரண மென் எஃகு, ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல் தகைவில் நிலையாக வளையத் தொடங்கும். தகைவு என்பது ஓரலகு பரப்பில் செயல்படும் விசை. அந்த எஃகால் ஆன தண்டு, நேர்த்திசையில் சுமார் 4,000 நியூட்டன், அதாவது 400 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்கும். பக்கவாட்டிலோ சுமார் 1,070 நியூட்டனிலேயே, அதாவது 110 கிலோ எடைக்குச் சற்றுக் குறைவான விசையிலேயே, வளையத் தொடங்கிவிடும். காற்று படகின் மேல் செலுத்தும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. காற்றை எதிர்கொள்ளும் பரப்பு 10 சதுர மீட்டர் உள்ள படகின் மேல், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று ஏறத்தாழ 1,350 நியூட்டன் விசையையும், அதைப்போல் இருமடங்கு வேகமான காற்று நான்கு மடங்கு விசையையும் செலுத்தும். புயல் என்று சொல்ல முடியாத காற்றிலேயே, பாறையில் சிக்கிய மென் எஃகுத் தண்டு வளைந்துபோவதன் காரணம் இதுதான்.

இதே தண்டை, சூடேற்றி விரைவாகக் குளிரவைத்துப் பின் மிதமான வெப்பத்தில் பதப்படுத்திய உயர்வலிமை எஃகால் செய்தால், அது 690 மெகாபாஸ்கல் அளவுக்குத் தகைவைத் தாங்குமாதலால், பக்கவாட்டில் 2,900 நியூட்டன் வரை வளையாமல் நிற்கும். இரண்டு தண்டுகளும் ஒரே நிறம், ஒரே எடை, ஒரே வடிவம் கொண்டவை. துத்தநாகப் பூச்சின் மேல் பார்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெயர்பெற்ற ஒரு புதுவகை நங்கூரத்தின் தண்டுகளில் ஒரு தொகுதி, அறிவிக்கப்பட்டதைவிட வலுக்குறைந்த எஃகால் செய்யப்பட்டிருந்தது வெளிப்பட்டபோது, அனுபவமிக்க படகோட்டிகளால்கூட அதனைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாமற்போனது.

வளைந்த உலோகத்தின் உள்ளே

ஓர் எஃகுத் தண்டைச் சிறிதளவு வளைத்து விட்டுவிட்டால் அது தானே நிமிர்ந்துகொள்ளும். இதற்கு மீட்சி என்று பெயர். ஓர் எல்லையைக் கடந்து வளைத்தால், விசையை நீக்கியபின்னும் வளைவு தங்கிவிடும். அந்த எல்லைக்கு அப்பால் உலோகத்துக்குள் நிகழ்வதை 1934இல் விளக்கிய மூவருள், நங்கூரத்தை வடிவமைத்த அதே டெய்லரும் ஒருவர். மற்ற இருவரான ஈகான் ஓரோவானும் மைக்கேல் போலானியும் தனித்தனியே அதே முடிவுக்கு வந்திருந்தனர். உலோகம் என்பது அணுக்கள் வரிசைவரிசையாக அடுக்கப்பட்ட எண்ணற்ற சிறு படிகங்களின் தொகுப்பு. அவ்வரிசைகளில் ஆங்காங்கே ஒழுங்கு பிசகிய இடங்கள் உண்டு. இப்பிசகுகளைப் பிறழ்வுக்கோடுகள் எனலாம். உலோகம் நிலையாக வளையும்போது அணு அடுக்குகள் முழுவதுமாக ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. பிறழ்வுக்கோடுகள் படிகத்தின் ஊடாக நகர்ந்து அந்த வழுக்கலைச் சிறுகச் சிறுக நிறைவேற்றுகின்றன. வளைவு மிகும்போது இக்கோடுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, மேலும் நகர்வதற்குத் தாமே தடையாகின்றன. அதனால் வளைந்த இடம் முன்னைவிடக் கடினமாகிறது. ஆயினும் முறியாமல் மேலும் வளைந்துகொடுக்கும் திறனில் ஒரு பங்கை இழக்கிறது.

நிமிர்த்தும் செயல் இந்த மாற்றத்தை அழிப்பதில்லை. எதிர்த்திசையில் செலுத்தப்படும் இரண்டாவது வளைவே அது. பிறழ்வுக்கோடுகளின் சிக்கல் அதனால் மேலும் கூடுகிறது. ஒரு திசையில் வளைக்கப்பட்ட உலோகம் எதிர்த்திசையில் வளைக்கப்படும்போது முன்னைவிடக் குறைந்த விசையிலேயே இணங்கிவிடுகிறது என்பதை, ஜெர்மானியப் பொறியாளர் யோகான் பௌஷிங்கர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆய்வில் கண்டார். ஆகவே நிமிர்த்திய தண்டு சில திசைகளில் முன்னைவிட வலுவாகவும், சில திசைகளில் முன்னைவிட மெலிவாகவும் இருக்கக்கூடும். அதன் வலிமை புதிய தண்டின் வலிமைதான் என்று கொள்வதற்கு அடிப்படை இல்லை.

இந்த இழப்பின் அளவையும் மதிப்பிட முடியும். தகட்டின் தடிமனில் பாதியை, வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ அந்த வட்டத்தின் ஆரத்தால் வகுத்தால், தகட்டின் வெளிப்பரப்பு எவ்வளவு நீண்டது என்பது கிடைக்கும். 16 மில்லிமீட்டர் தண்டு, 100 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 14 பாகை வளைந்திருந்தால் அந்த ஆரம் சுமார் 400 மில்லிமீட்டர். எனவே வெளிப்பரப்பின் நீட்சி 2 விழுக்காடு. மென் எஃகின் மீட்சி எல்லையோ 0.125 விழுக்காடு நீட்சியிலேயே முடிந்துவிடுகிறது. எல்லையைப் பதினாறு மடங்கு கடந்தபோதிலும், முறிவதற்கு முன் 20 விழுக்காட்டுக்கும் மேல் நீளக்கூடிய மென் எஃகுக்கு இது பேராபத்தன்று. கூர்மையாக மடிந்த தண்டின் கதை வேறு. அங்கே ஆரம் சிறுத்து, நீட்சி பெருகி, வெளிப்பரப்பில் நுண்விரிசல்கள் தோன்றியிருக்க வாய்ப்புண்டு.

எந்த உலோகத்துக்கு எந்த மருந்து?

மென் எஃகால் ஆன, மெல்ல வளைந்த தண்டை நீரழுத்த இயந்திரத்தில் வைத்துக் குளிர்நிலையில் ஒருமுறை நிமிர்த்துவது ஏற்கத்தக்கது. அதே இடம் மீண்டும் வளைந்தால், அத்தண்டு அந்தப் படகின் சுமைக்குப் போதாது என்பதற்கு அதுவே சான்றாதலால், மறுமுறை நிமிர்த்துவதில் பொருளில்லை. உயர்வலிமை எஃகின் நிலை வேறு. அதன் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் கிடைத்தது. பட்டறையில் தீச்சுடரால் செந்நிறமாகும்வரை சூடேற்றி நிமிர்த்தினால், அந்த இடத்தில் பதம் குலைந்து வலிமை பெரிதும் இறங்கிவிடும். விலைகொடுத்து வாங்கிய சிறப்பை அடுப்பில் இழந்த அந்தத் தண்டு, பிறகு பெயரளவிலேயே உயர்வலிமைத் தண்டு.

அலுமினியக் கலவையால் ஆன நங்கூரங்களில் வெப்பத்தின் தீங்கு இன்னும் கூடுதல். அவற்றில் பரவலாகப் பயன்படும் வெப்பப் பதப்படுத்திய கலவைகள், வெல்டிங் செய்த இடத்தை ஒட்டி ஏறத்தாழ பாதி வலிமையை இழக்கின்றன. ஆனால் இத்தகைய நங்கூரங்கள் பெரும்பாலும் உறுப்புகளை போல்ட்டால் பூட்டி அமைக்கப்படுவதால், வளைந்த உறுப்பை மட்டும் கழற்றி மாற்றும் வழி உண்டு. செப்பனிடுதலும் மாற்றுதலும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. 1970களில் பீட்டர் புரூஸ் உருவாக்கிய மூவிரல் வடிவ நங்கூரம் போன்று ஒரே வார்ப்பாக எடுக்கப்பட்டவை வளைவது அரிது. அவற்றில் விரிசல் தோன்றினால், உலோகத்தின் கலவை தெரியாமல் வெல்டிங் வைப்பது புதிய விரிசலுக்கு வழிவகுக்கும். கறையில்லா எஃகில் வெளியே பளபளப்பு குன்றாதிருக்கையிலேயே, உயிர்வளி புகாத இடுக்குகளில் உப்புநீர் தேங்கி, உலோகத்தைக் குழிகுழியாக அரித்திருக்கலாம்.

இவை அனைத்துக்கும் நேர்மாறான ஒரு வகையும் உண்டு. மீனவர் பார் என்று அழைக்கும் கடலடிப் பாறைத்தளங்களில் நின்று மீன்பிடிக்கும் சிறுபடகுகளுக்கு, மென் இரும்புக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்த பலகொக்கி நங்கூரம் ஏற்றது. பாறையில் சிக்கினால் பலமாக இழுத்துக் கொக்கியை நிமிர்த்தி விடுவித்துக்கொள்ளலாம், படகில் ஏற்றியபின் மீண்டும் வளைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் வடிவமைப்பு. அங்கே வளைவது சேதமாகாது. அத்தகைய கம்பியும் ஓயாமல் வளைந்து நிமிர்ந்தால் ஒருநாள் முறியும்; முறிந்த கம்பியை வெட்டியெறிந்து வேறொன்றைப் பற்றவைக்க ஆகும் செலவு மிகச் சிறிது.

வடிவமும் மறைந்த குறையும்

வலிமை குறையாதிருந்தாலும் வடிவம் மாறிய நங்கூரம் தன் பணியில் தவறும். கொழுவுக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கோணம், மணலுக்கு 30 பாகையை ஒட்டியும், மென்சேற்றுக்கு 50 பாகையை ஒட்டியும் இருப்பது நல்ல பிடிமானம் தரும் என்பது அறியப்பட்ட உண்மை. கொழு சற்று மடங்கி இக்கோணம் சுருங்கினால் நங்கூரம் ஆழம் இறங்காமல் மேற்பரப்பைச் சுரண்டிக்கொண்டு வரும். விரிந்தால் மண்ணுக்குள் நுழையவே மறுக்கும். தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தால் இழுவிசை கொழுவின் நடுக்கோட்டிலிருந்து விலகிச் செயல்பட்டு, நங்கூரத்தைப் புரட்டிப் பிடுங்கிவிடும். கொழுவின் முனையிலிருந்து தண்டின் துளைவரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இந்த விலகல் தெரிந்துவிடும். செப்பனிட்ட பிறகும் இதே சோதனையைச் செய்து, முடிந்தால் தயாரிப்பாளர் வெளியிட்ட அளவுகளோடு ஒப்பிடுவது இன்றியமையாதது.

நூலுக்கும் அளவுகோலுக்கும் தென்படாத குறைகள் உலோகத்தின் உள்ளே இருப்பவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் நங்கூரங்கள் அடிக்கடி முறிந்தபோது, பிளிமத் கப்பற்பட்டறையின் அலுவலரான ரிச்சர்ட் பெரிங் அதற்கான காரணத்தை உலைக்களத்திலேயே தேடினார். பல தேனிரும்புப் பாளங்களைக் கட்டாக வைத்துச் சூடேற்றி அடித்து ஒன்றாக்கும் முறையில், வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு உட்பக்கம் ஒட்டாமல் நின்றுவிடுவதே கோளாறு என்று அவர் கண்டார். முழுமையாகத் தோன்றும் பற்றவைப்பு முழுமையானது ஆகாது என்னும் இவ்வுண்மையே, வணிகக் கப்பல்களின் நங்கூரங்களையும் சங்கிலிகளையும் இழுத்துச் சோதிக்க வேண்டுமென்று 1864இல் பிரிட்டனில் வந்த சட்டத்தின் பின்னணியிலும் நிற்கிறது. இன்றைய விதிகளின்படி 75 கிலோவும் அதற்கு மேலும் உள்ள சாதாரண நங்கூரம், கொழுமுனையிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் பிடித்து இழுக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறது. சிறுபடகுகளின் நங்கூரங்கள் இந்த எடை வரம்புக்குக் கீழே நிற்பதால், பட்டறையில் வெல்டிங் வைத்து வரும் சிறு நங்கூரத்தை அதன் உரிமையாளர்தான் சோதித்தாக வேண்டும்.

அதற்கு எளிய வழி சாய ஊடுருவுச் சோதனை. பூச்சு நீக்கித் துடைத்த பரப்பில் சிவப்புச் சாயத்தைத் தடவினால் அது நுண்புழை ஈர்ப்பால் விரிசலுக்குள் இறங்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெண்பொடிக் கரைசலைத் தெளித்தால், விரிசலுக்குள் தங்கிய சாயம் வெளியேறிச் சிவந்த கோடாகத் தெரியும். தண்டும் கொழுவும் சேரும் இடத்தில் அத்தகைய கோடு தெரிந்தால், அந்த நங்கூரத்தை முதன்மை நங்கூரமாக வைத்திருப்பது பற்றிய விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

துருவும் துத்தநாகமும்

துருப்பிடித்த தோற்றம் அச்சம் தருவதாயினும், சேதங்களுள் செப்பனிட எளிதானது பெரும்பாலும் அதுவே. எஃகு நங்கூரத்தின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு இரும்பைவிட எளிதில் வேதிவினைக்கு உட்படுவதால், கடல்நீரில் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள எஃகில் இப்பூச்சு சராசரியாக 85 மைக்ரோமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர அளவு. மணலில் உரசி உரசி அது தேய்ந்தபின் பழுப்பேறுவது, மறுபூச்சுக்கான காலம் வந்துவிட்டதை அறிவிப்பதேயன்றி, நங்கூரத்தின் ஆயுள் முடிந்ததை அறிவிப்பதன்று.

துரு எவ்வளவு உலோகத்தைத் தின்றது என்பதே உண்மையான அளவை. துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் அளவியால் பார்க்கும்போது, 16 மில்லிமீட்டர்த் தண்டு 14 ஆக மெலிந்திருந்தால், பக்கவாட்டு வலிமை தடிமனின் இருமடிக்கு ஏற்ப அமைவதால் 23 விழுக்காடு குறைந்திருக்கும். வகைப்பாட்டு விதிகள் சங்கிலிக் கண்ணியின் சராசரி விட்டம் 12 விழுக்காடு தேய்ந்தால் அப்பகுதியை மாற்றச் சொல்கின்றன. அந்த அளவுத் தேய்மானத்திலும் கண்ணியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 23 விழுக்காடுதான் குறைகிறது. எட்டில் ஒரு பங்கு தேய்ந்தால் ஏறத்தாழ கால்பங்கு வலிமை போய்விடுகிறது என்னும் இந்த நெருங்கிய ஒப்புமையை, தண்டின் மெலிவுக்கும் நடைமுறை எல்லையாகக் கொள்வதில் தவறில்லை.

மறுபூச்சுக்கு அனுப்புமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நங்கூரம் அமிலத்தில் கழுவப்பட்டு, சுமார் 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கப்படுகிறது. முனை கனப்பதற்காக ஈயம் ஊற்றப்பட்ட நங்கூரமானால், 327 பாகையிலேயே உருகும் ஈயம் அத்தொட்டியில் கரைந்தோடிவிடும்; எடைச்சமநிலை குலைந்த நங்கூரம் பிறகு முனைகுத்தி இறங்காது. மூடிய குழாய் உறுப்புகளில் நீர் தேங்கியிருந்தால் அது திடீரென ஆவியாகி வெடிக்கும் என்பதால் காற்றுத்துளை இடுவது கட்டாயம். குளிர்நிலையில் கூர்மையாக வளைத்து நிமிர்த்திய எஃகு, அத்தொட்டியின் வெப்பத்தில் நொறுங்கும் இயல்பைப் பெறக்கூடும். பூச்சு நீக்காமல் வெல்டிங் செய்தால் துத்தநாகம் ஆவியாகி, அப்புகையைச் சுவாசிப்பவருக்குக் குளிர்காய்ச்சல் போன்ற நோய் வரும். வெல்டிங் வேலை மறுபூச்சுக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவெடுக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு வரிசை தெளிகிறது. ஷாக்கிள், ஆணி, சங்கிலிக் கண்ணி ஆகியவை மலிவானவை. அவற்றில் வளைவோ விரிசலோ தெரிந்தால் செப்பனிடுவதைப் பற்றி எண்ணாமல் மாற்றிவிடுவதே முறை. சி.க்யூ.ஆர். போன்ற மூட்டுள்ள நங்கூரத்தில் மூட்டாணி தேய்ந்து தண்டு ஆடினால் ஆணியை மாற்றலாம். ஆணி செல்லும் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் செலவு பயனைவிட மிஞ்சும். மழுங்கிய கொழுமுனையைப் பற்றவைத்துக் கூராக்குவதும், தேய்ந்த பூச்சைப் புதுப்பிப்பதும் தாராளமாகச் செய்யத்தக்கவை. மென் எஃகுத் தண்டின் மெல்லிய வளைவை ஒருமுறை நிமிர்த்தலாம். கூர்மையாக மடிந்த தண்டு, தீயில் காய்ச்சி நிமிர்த்தப்பட்ட உயர்வலிமைத் தண்டு, இணைப்பில் விரிசல் கண்ட நங்கூரம், எந்த எஃகு என்று தெரியாமல் பலமாக வளைந்த நங்கூரம் ஆகியவை முதன்மைப் பணிக்கு உதவா.

அவற்றுள் விரிசலற்ற சிலவற்றை உடனே எடைக்குப் போட வேண்டியதில்லை. அமைதியான நீரில் பகலில் சிறிதுநேரம் படகை நிறுத்தவும், பின்புறத்தை ஒரு திசையில் பிடித்துவைக்கவும் பயன்படும் துணை நங்கூரத்தின் மேல் விழும் சுமை, முதன்மை நங்கூரம் இரவுக்காற்றில் தாங்கும் சுமையில் சிறு பங்குதான். அப்பணிக்கு நிமிர்த்திய நங்கூரம் போதும். எளிய பணிக்கு இறக்கிவைப்பது செப்பனிடலுக்கும் கழித்தலுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வழி. பல நேரங்களில் சிக்கனமானதும் அதுவே.

செலவுக் கணக்கும் இதன்வழியே நேராகிறது. நிமிர்த்தும் கூலி, வெல்டிங் கூலி, எடைக்கேற்ப வாங்கப்படும் பூச்சுக்கூலி, போக்குவரத்து ஆகியவற்றைக் கூட்டிப் புதிய நங்கூரத்தின் விலையோடு ஒப்பிடுவது கணக்கின் பாதி மட்டுமே. காற்று இருமடங்காகும்போது சுமை நான்கு மடங்காகிவிடும் என்பதால், செப்பனிட்ட நங்கூரம் பல நாள் சாதாரணக் காற்றில் தாங்கியது என்ற அனுபவம், ஒரே ஓர் இரவின் கடுங்காற்றில் அது தாங்கும் என்பதற்கு உறுதியாகாது. கரைக்கு அருகே காற்று கரையை நோக்கி வீசும்போது, படகுக்கும் பாறைக்கும் இடையே நிற்பது அந்த ஒரு நங்கூரம்தான் என்றால், ஒப்பிட வேண்டிய விலை படகினுடையது. அதில் உறங்குவோரின் உயிரும் அக்கணக்கில் சேரும். உலோகத்தின் வகையும் அது பட்ட வளைவின் அளவும் தெரிந்திருந்தால் செப்பனிடுதல் கணக்கிட்டு எடுக்கும் முடிவாகும். அவை தெரியாத நிலையில், பழைய நங்கூரத்தைத் துணைப்பணிக்கு இறக்கிவிட்டுப் புதியதை முதன்மையாகக் கொள்வதே பொறியியல் காட்டும் வழி.